ராமேஸ்வரத்தில் ஈரத்தோடு உட்கார்ந்த கதை

பெரிய படையெடுப்புகளுக்கெல்லாம் யானை, குதிரை, பீரங்கி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு செம்பு போதும். போன பங்குனியில், நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த கையோடு, திண்டிவனத்திலிருந்து ராமேஸ்வரத்தின் மீது நடந்த படையெடுப்பு ஒரு செம்பில்தான் தொடங்கியது. செம்பு என் அண்ணியுடையது. படைத்தளபதி வேறு யார், நான்தான். திண்டிவனத்தில் மாவு மில் வைத்து, கேப்பை அரைத்துக் கொடுத்து, இந்த மாவட்டத்தின் முதுகெலும்பையே ஒற்றை ஆளாக நிமிர்த்தி வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் சித்தப்பா. உங்களுக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

முதலில் செம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில்லாமல் இந்தப் பயணத்துக்கு அர்த்தமில்லை.

என் அண்ணனும் சரோஜா அண்ணியும் எங்கள் மாவட்டத்து அனந்தபுரம் பக்கத்தில் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறவர்கள். சில வருடங்களுக்கு முன்னால் காசிக்குப் போன ஒரு கூட்டத்தில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஏறி உட்கார்ந்து போய்விட்டு வந்தார்கள். அங்கேதான் தவறு. முறைப்படி செய்கிறவர்கள் முதலில் ராமேஸ்வரம் போவார்கள். அங்கே கடல் மணல் எடுத்துப்போய்க் கங்கையில் கரைப்பார்கள். பிறகு கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் சாமிக்கு அபிஷேகம் செய்வார்கள். இவர்கள் மணலும் இல்லாமல், ராமேஸ்வரமும் பார்க்காமல், நேராகக் காசிக்குப் போய், வாய் அடைத்த ஒரு குட்டிச் செம்பில் கங்கையோடு திரும்பினார்கள். சொந்தக்காரர்கள் கூடி நின்று தீர்ப்புச் சொன்னார்கள்: "தலைகீழா போய்ட்டு வந்திருக்கீங்க. இது கணக்குல சேராது."

அண்ணி செம்பைச் சாமி அலமாரியில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. ஒரு வருடம் மாடு கன்று போட்டது. ஒரு வருடம் மகளுக்குப் பிரசவம். ஒரு வருடம் போர்க் கிணறு வற்றிப்போனது. இந்த வருடம் அண்ணன் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது அவர் கண் என் மேல் இல்லை, அலமாரி மேல் இருந்தது.

"நான் இனிமே பஸ்ஸு ஏறுவனோ என்னமோ. இது இப்படியே பாத்துக்கினே இருக்குதுடா என்னை. நீ அண்ணியக் கூட்டிக்கினு போய் ஊத்திட்டு வந்துடு. அவ கையால ஊத்தணும். வேற யாரும் தொடக் கூடாது."

"இவ்ளோதானே," என்றேன். பாகிஸ்தான் எல்லையை மாற்றிப் போடச் சொல்லியிருந்தாலும் அதே குரலில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

திண்டிவனத்தில் ஒரு சுற்றுலாக்காரர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பெயர் எழுத மாட்டேன், வழக்குப் போடுவார். ஒரு தலைக்கு 3,200 ரூபாய். அதில் பஸ், காலை டிபன், மதியச் சாப்பாடு, இரவு டிபன், தீர்த்தமாடும் கட்டணம், கூடவே ஒரு வழிகாட்டி எல்லாம் அடக்கம். நோட்டீஸில் ஆறு இடம் போட்டிருந்தது. "ராமநாதர் தரிசனம்" என்பது இரண்டாவது வரி. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத் திண்டிவனத்தில் ஏறினோம். பத்து மணிக்கு விழுப்புரத்தில் மீதிப் பேர் ஏறினார்கள். மொத்தம் முப்பது பேர், அதில் பெண்கள் பன்னிரண்டு. விழுப்புரத்தில் ஏறியவர்களில் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். ஒருவர் பரிமளா. கண்டமங்கலத்துக்காரர், வீடு வீடாகப் போய்த் தவணைக்குச் சேலை விற்கிறவர். ஒரு பெரிய துணி மூட்டையைக் குழந்தையைப் போலத் தூக்கிவந்து கடைசி சீட்டில் படுக்க வைத்தார். மற்றவர் எங்கள் வழிகாட்டி. நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு குச்சி, குச்சியில் ஆரஞ்சுக் கொடி. நான் அவருக்கு அன்றிரவே கொடியண்ணன் என்று பெயர் வைத்துவிட்டேன். வண்டி உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் பஸ் முழுக்க அந்தப் பெயர் பரவிவிட்டது.

கொடியண்ணன் மைக்கைப் பிடித்தார். "கொடி எங்க போவுதோ அங்க வாங்க. கொடி நின்னா நில்லுங்க. கொடி கெளம்பினா கெளம்புங்க. லேட்டா வர்றவங்களுக்கு பஸ்ஸு வெயிட் பண்ணாது."

"கொடி ஒண்ணுக்குப் போனா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது யார் என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. தளபதிகளுக்குச் சில ரகசியங்கள் இருக்கும்.

விழுப்புரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் நானூறு கிலோமீட்டர். திருச்சி, புதுக்கோட்டை, தேவகோட்டை, ராமநாதபுரம் வழி. விடிகிற நேரத்தில் பாம்பன் பாலத்தின் மேல் போனோம். வண்டியை நிறுத்தக் கூடாது என்று பலகை இருக்கிறது. அதனால் டிரைவர் செல்வம் நிறுத்தவில்லை, மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தார். வலது ஜன்னல்காரர்கள் இடது பக்கத்தையும், இடது ஜன்னல்காரர்கள் வலது பக்கத்தையும் பார்க்க ஆசைப்பட்டதில் பஸ் ஒருமுறை கடலுக்குள் கவிழ்ந்து மீண்டும் மேலே வந்தது. கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். ஆனால் கொஞ்சம்தான்.

ஆறரை மணிக்கு ஊருக்குள் வந்தோம். பெரிய பஸ்களைக் கோயில் பக்கம் விடுவதில்லை, ஒன்றரை கிலோமீட்டருக்கு முன்பே ஓரங்கட்ட வேண்டும். இட்லி, வடகறி ஆனதும் கொடியண்ணன் அறிவித்தார்: "பை, பர்ஸ், போனு எதையும் எடுத்துக்காதீங்க. கோயிலுக்குள்ள போன் விட மாட்டாங்க. ஜாஸ்தி கூட்டம், பிக்பாக்கெட் இருப்பான். கையை வீசிக்கினு ஜல்தி வாங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

முப்பது பேரும் கையை வீசிக்கொண்டு கிளம்பினோம். அண்ணி மட்டும் வீசவில்லை. ஒரு வயர் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டிருந்தார். உள்ளே செம்பு.

"அம்மா, கூடை எதுக்கு?"

"கங்கைத் தண்ணிங்க. சாமிக்கு ஊத்தணும்."

"அத எங்கிட்ட குடுத்துடுங்க. அபிஷேகம்னா தனி டிக்கெட்டு, தனி கியூ. நான் வாராவாரம் வர்றவன். அடுத்த வாரம் ஐயர்கிட்ட குடுத்து ஊத்தச் சொல்லிடறேன்."

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ ஊத்துனா அது உன் தண்ணியாயிடும்பா. என் தண்ணிய நானே ஊத்திக்கறேன்."

கொடியண்ணன் கொடியை உயர்த்தி நடந்துவிட்டார்.

முதலில் அக்னி தீர்த்தம். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், அது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல்தான். மரக்காணம் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கடலா என்றே சந்தேகம் வரும். எங்கள் கடல் ஆளைப் பார்த்தால் அடிக்க வரும். இந்தக் கடல் தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி அசையாமல் கிடக்கிறது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் முங்க வேண்டும். கூடையை நான் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொள்ள அண்ணி முங்கினார். பிறகு அவர் பிடித்துக்கொள்ள நான் முங்கினேன். நான் முங்கியதில் இலங்கையில் தண்ணீர் ஏறியிருக்கும்.

அடுத்து கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தக் கிணறுகள். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒருவர் நின்று, வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார். கடல் பக்கத்துக் கிணறுகள் உப்புக் கரிக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுவை, ஒவ்வொரு குளிர். சில வாளி மடியில் விழும், சில வாளி மண்டையில் விழும். தீர்த்தமாடி முடித்தபோது எங்கள் முப்பது பேரைப் பிழிந்திருந்தால் வீடூர் அணை நிரம்பியிருக்கும். தலைக்கு 25 ரூபாய் கட்டணம், அதைக் கொடியண்ணன் கட்டினார். அந்த நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மணி பத்தேகால். சொட்டச் சொட்ட சன்னதிப் பக்கம் திரும்பினோம். வாசலில் நின்ற கோயில் ஊழியர் மரியாதையாகக் கையை நீட்டி மறித்தார்.

"ஈரத்தோட உள்ள போகக் கூடாதுங்க. துணி மாத்திட்டு வாங்க. பக்கத்துலயே மாத்துற ரூம் இருக்கு."

மாற்றலாம். மாற்றுத் துணி? ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி பஸ்ஸில் இருக்கிறது. புதிதாக ஒரு வேட்டி வாங்கலாம். பர்ஸ்? அதே பஸ்ஸில்தான் இருக்கிறது. இங்கே தீர்த்தமாடியவர்கள் காய்ந்த துணி மாற்றிக்கொண்டுதான் சாமி பார்க்கப் போவார்கள் என்பது ஊரறிந்த வழக்கம். எங்கள் முப்பது பேருக்கும் தெரியவில்லை. வாராவாரம் வருகிறவருக்குத் தெரியாதா?

கொடியண்ணன் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. "ரூல்ஸுன்னா ரூல்ஸு, நாம என்ன பண்றது. பஸ்ஸாண்ட போய் வர்றதுக்கு டைம் இல்ல. இங்கருந்தே கும்பிட்டுக்கோங்க. அடுத்து சங்குக் கடை, ஒன்றரை மணி நேரம் பாக்கலாம். அப்புறம் சாப்பாடு, அப்புறம் தனுஷ்கோடி."

"ஏம்பா," என்றார் அண்ணி, "சாமி பாக்க டைம் இல்ல, சங்கு பாக்க ஒன்றரை மணி நேரமா?"

"அம்மா, புரோகிராம் அப்படித்தான். பேஜாரு பண்ணாதீங்க. கெளம்புங்க." கொடி உயர்ந்தது. கொடி நடந்தது.

அண்ணி உட்கார்ந்துவிட்டார்.

கோபமாகவெல்லாம் இல்லை. களை பறிக்கும்போது நடுவில் இளைப்பாற உட்கார்வாரே, அதே மாதிரி. கல் தரையில், சேலையிலிருந்து தண்ணீர் வழிய, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. "நான் வரல. நீங்க போங்க," என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீரத்தால் அல்ல. அண்ணி உட்கார்ந்திருக்க நான் நடந்து போனேன் என்று அண்ணனுக்குத் தெரிந்தால் உடைந்த இடுப்போடு எழுந்து வந்து உதைப்பார். அடுத்து பரிமளா உட்கார்ந்தார். "எனக்கும் கால் வலிக்குது," என்றார், யாரும் கேட்காமலே. அப்புறம் ஒவ்வொருவராக, நாற்று நட்ட மாதிரி, முப்பது பேரும் உட்கார்ந்துவிட்டோம். கொடி இருபதடி போய், திரும்பிப் பார்த்து, தனியாக நின்றது.

"பஸ்ஸு ஒரு மணிக்குக் கெளம்பிடும். வராதவங்க சொந்தப் பொறுப்பு."

இந்த இடத்தில் நான் எழுந்து ஆற்றிய உரை இருக்கிறதே, அதைக் கேட்டு கோபுரத்து பொம்மைகளெல்லாம் ஒரு படி கீழே இறங்கி வந்தன. "கொடியண்ணே. நோட்டீஸ்ல இரண்டாவது வரியில என்ன போட்டிருக்க? ராமநாதர் தரிசனம். சங்குக் கடைன்னு எங்கயாவது போட்டிருக்கியா? தரிசனம் ஆவாம இங்கருந்து ஒரு ஆளு நகர மாட்டோம். நீ வேணும்னா முப்பது சங்கு வாங்கிக்கினு தனியா போ." பல் தந்தியடித்ததில் பாதி வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. உரையின் உச்சத்தில் ஈர வேட்டி நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். கலகம் அதற்குப் பிறகும் நின்றது.

"நிக்கறது இருக்கட்டும் தம்பி," என்றார் அண்ணி கீழே இருந்து. "துணிக்கு என்ன பண்றது? ஒரு மணிக்கு நடை சாத்திடுவாங்கன்றாங்களே."

ஆண்கள் விஷயம் சுலபம். இடுப்பில் துண்டோடு கடற்கரைக்குப் போய் வேட்டியை இருவர் இருவராகப் பிடித்து நின்றால் அந்த ஊர்க் காற்றில் அப்பளம் பொரிகிற நேரத்தில் காய்ந்துவிடும். பெண்கள் என்ன செய்வார்கள்? யாராவது பஸ்ஸுக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் என் மனைவியின் தீர்க்கதரிசனம் வெளிப்பட்டது. மில்லைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நின்றுவிட்டாள். ஆனால் கிளம்பும்போது என் அரைஞாண் கயிற்றில், பிளாஸ்டிக் உறையில் மடித்து, ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கட்டி அனுப்பியிருந்தாள். கடலும் இருபத்திரண்டு கிணறும் சேர்ந்து அதை நனைக்க முடியவில்லை.

நான் கிளம்பும்போது பரிமளா கூப்பிட்டார். "சித்தப்பா, கடைசி சீட்டுல என் மூட்டை இருக்கும். அதத் தொட்டுடாதீங்க. கல்யாணத்துக்கு ஒரே மாதிரி பதினஞ்சு சேலை, ஆர்டரு."

"தொடுவனாம்மா," என்றேன்.

ஆட்டோவுக்கு நூறு ரூபாய். நனைந்து நிற்கும் என்னைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் சீட்டில் ஒரு பழைய பிளெக்ஸ் துணியை விரித்தார். "விழுப்புரம் பஸ்ஸாண்ணே? கொடிக்காரரா? அவரு கூட்டம் எப்பவும் ஈரத்தோடதாண்ணே கடைக்குப் போகும். சாமி பாக்கணும்னு திரும்பி வந்த மொத ஆளு நீங்கதான்."

கொஞ்சம் கோபமாக இருந்த நான் அப்போது எரிமலையானேன். என் வேட்டி ஆட்டோவிலேயே காய்ந்தது காற்றால் அல்ல, அந்தச் சூட்டால்.

பஸ்ஸில் டிரைவர் செல்வம் காலை நீட்டிப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து தலையைச் சொறிந்தார்.

"இப்பத்தான் கொடியண்ணன் வெளிய கடையிலருந்து போன் பண்ணாரு. யாரு வந்தாலும் டிக்கியைத் தெறக்காதன்னாரு. பெட்டியெல்லாம் டிக்கியிலதான் கீது. நான் தெறந்தா நாளைக்கி வண்டியில வேற டிரைவர் உக்காருவான்."

"செல்வம், எங்கண்ணி அங்க ஈரத்தோட உக்காந்துக்கினு இருக்குது. உங்க அம்மா வயசு."

செல்வம் செருப்பை மாட்டிக்கொண்டார். "எங்கம்மா இப்படி உக்காந்தா ஊரே எழுப்ப முடியாது," என்றார். பிறகு பஸ் கதவைத் திறந்துவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். டிக்கியைத் தெறக்கல. நீங்க ஏறுனதையும் பாக்கல," என்று நடந்துவிட்டார்.

உள்ளே ஏறித் தேடினேன். தலைக்கு மேல் இருந்த தட்டில் தலையணை, தண்ணீர் பாட்டில், யாரோ கழற்றிப் போட்ட முழங்கால் பட்டை, மில்லில் வறுத்துக் கொண்டுவந்த என் கேப்பை மாவு. சேலை ஒன்றுகூட இல்லை. கடைசி சீட்டில் பரிமளாவின் மூட்டை மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, மனிதனுக்குச் சோதனை வரும் நேரம் இதுதான். தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். அதனால் மூட்டையை நான் தொடவில்லை. கட்டிப்பிடித்துத் தூக்கினேன்.

திரும்பி வந்தபோது மணி பதினொன்றே முக்கால். என் தோளில் இருந்த மூட்டையைப் பார்த்ததும் பரிமளா எழுந்தார். அவர் பார்த்த பார்வையை எழுத்தில் வைத்தால் உங்கள் போன் திரை விரிசல் விடும்.

"சித்தப்பா. தொடாதன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னம்மா."

"கல்யாண ஆர்டரு. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அண்ணி மெல்ல எழுந்து, மூட்டையின் முடிச்சைத் தொடாமல், பரிமளாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் சரக்கும்மா. நீ குடுத்தாதான் கட்டுவோம். இல்லன்னா இப்படியே உக்காந்துக்கினு சாயந்தரம் நடை தெறக்கட்டும்னு இருப்பேன். நீங்கல்லாம் தனுஷ்கோடி பாத்துட்டு ஊருக்குப் போங்க. உன்மேல எனக்கு வருத்தம் கெடையாது."

பரிமளா மூட்டையைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், இருபதடி தள்ளி நின்ற கொடியைப் பார்த்தார். கொடியண்ணன் அந்த நேரம் பார்த்துச் சும்மா இருந்திருக்கலாம். வாயைத் திறந்தார். "அப்படிச் சொல்லும்மா பரிமளா. யாவாரத்தக் கெடுத்துக்காத. வா, கடைக்குப் போவலாம்."

"என் யாவாரத்தப் பத்தி நீ பேசாத," என்று பரிமளா முடிச்சை அவிழ்த்தார். "கல்யாணத்துக்கு இன்னும் நாள் கீது, வேற எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு. கட்டினவங்க வாங்கிக்கணும். மாசம் ஒண்ணாந்தேதி ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நான் நிப்பேன்."

"நில்லு தாயி. சோறு போடறோம்," என்றார் அண்ணி. "கோடித் துணி. சாமியாண்ட போக இதவிட என்ன வேணும்?"

பன்னிரண்டு பெண்களும் உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது எல்லோரும் கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் பார்டர். ஒருத்தர் மாதிரியே பன்னிரண்டு பேர். ராமேஸ்வரத்தின் நீண்ட பிரகாரத்தில், இரண்டு பக்கமும் தூண்கள் நிற்க, நடுவில் எங்கள் பனமலை ஏரிப் பாசனத்து நெல் வயல் ஒன்று எழுந்து நடந்து போனது. வடநாட்டு யாத்ரீகர்கள் ஏதோ அரச குடும்பத்துக் கல்யாணம் என்று நினைத்து வழிவிட்டார்கள். பின்னால் நாங்கள் பதினெட்டு ஆண்கள், காற்றில் காய்ந்து மொறமொறத்த வேட்டியில். இரண்டு பேர் வேட்டி மாறிப்போய்க் கணுக்காலுக்கு மேல் நின்றது. அதைச் சாமி பொறுத்துக்கொண்டார்.

கங்கை அபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கும் இடத்தில் கூட்டம் இல்லை. சீட்டுக்கு என் அரைஞாண் கயிற்றின் மிச்சம் போதுமாக இருந்தது. அங்கே ஒரு கேள்வி கேட்டார்கள், பாத்திரம் என்ன என்று. பித்தளை, செம்பு, வெண்கலமாக இருந்தால்தான் சேர்ப்பார்களாம். பிளாஸ்டிக், தகரம் கூடாது. அண்ணி செம்பை உயர்த்திக் காட்டினார். குனிந்து பார்த்தவர் அடியில் பச்சை பூத்திருந்ததைக் காட்டி, "ரொம்ப நாளா வச்சிருந்தீங்களா?" என்றார்.

"வச்சிருந்தோம். அவரு வர முடியாம போச்சு," என்றார் அண்ணி.

அடைத்திருந்த வாயை, அவர்கள் கொடுத்த ஒரு கம்பியால் அண்ணியே நெம்பித் திறந்தார். இத்தனை வருடம் அடைந்து கிடந்த தண்ணீர், நாற்றம் எதுவும் இல்லை. கருவறைக்குள் குருக்கள்தான் ஊற்ற முடியும்; 'அவ கையால' என்று அண்ணன் சொன்னது, அண்ணி கையாலேயே அவரிடம் கொடுக்க வேண்டும் என்பதைத்தான். அவர் கையில் செம்பைக் கொடுக்கும் வரை அண்ணி வேறு எவரையும் தொடவிடவில்லை. தண்ணீர் சாமியின் மேல் விழுந்தது. நான் கண்ணை மூடவில்லை, அண்ணன் நேரில் பார்த்த மாதிரி அவருக்குச் சொல்ல வேண்டும். கூழ் கரைக்கும் பாத்திரத்தில் பாதிகூட நிரம்பாத தண்ணீர். ஆனால் விழுந்து முடிய வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது. அண்ணி கைகூப்பி நின்றார். வாய் ஏதோ முணுமுணுத்தது. மந்திரம் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"கணக்குல சேந்துச்சா பாரு," என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது மணி பன்னிரண்டு நாற்பது. பஸ் எங்கேயும் போகவில்லை. பயணிகள் இல்லாத பஸ்ஸை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்ப எந்த டிரைவர் சம்மதிப்பான்? சங்குக் கடைக்கு நேரம் இல்லை என்று ஆகிவிட்டது. கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு கொடியண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்தார். அண்ணி விபூதியை நீட்டினார். வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார். அவருக்குச் சங்குக் கடையில் கிடைக்க வேண்டிய கமிஷன் கிடைக்கவில்லை, கடைக்காரரிடம் வேறு பேச்சு வாங்க வேண்டும். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் மைக்கைப் பிடித்து, "டைம் வேஸ்ட் ஆனதால நைட் டிபன் கட்" என்று அறிவித்தாரே, அதோடு பாவம் போய்விட்டது.

டிபன் வெட்டப்பட்ட முப்பது வயிறுகளையும் அன்றிரவு காப்பாற்றியது, அண்ணி அவித்துக் கொண்டுவந்திருந்த ஒரு பை மல்லாட்டையும், என் வறுத்த கேப்பை மாவும்தான். மாவை வெல்லத்தோடு பிசைந்து உருட்டிக் கொடுத்தோம். கொடியண்ணனுக்கும் இரண்டு உருண்டை போயிற்று. இரண்டையும் சாப்பிட்டார். ஞாயிறு விடியற்காலை நாலரைக்குத் திண்டிவனத்தில் இறங்கியபோது அவரிடம், நோட்டீஸில் இருந்த டிபனுக்கு என்ன பதில் என்று கேட்டேன். "அடுத்த டிரிப்புக்கு வாங்க சித்தப்பா, பாத்துக்கலாம்," என்றார். "வர்றேன். ஆனா கொடி நான் புடிப்பேன்," என்றேன். அவர் சுருட்டிய கொடியை இன்னொரு அக்குளுக்கு மாற்றிக்கொண்டார்.

இனி, போக நினைக்கும் உங்களுக்கு. குழுவாகப் போவதில் தப்பில்லை, செலவு குறைவு, வயதானவர்களுக்குத் துணை. ஆனால் பணம் கட்டும்போதே, சாமி பார்க்க எவ்வளவு நேரம், கடைக்கு எவ்வளவு நேரம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். வழிகாட்டி கையை வீசிக்கொண்டு வரச் சொன்னால், ஒரு கையை வேண்டுமானால் வீசுங்கள், இன்னொரு கையில் காய்ந்த துணி ஒரு செட் இருக்கட்டும். போனை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள். கொஞ்சம் பணத்தை நனையாத இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் மனைவி சொல்வதைக் கேளுங்கள். கங்கைத் தண்ணீர் கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள், அபிஷேக நேரத்தைப் போனதுமே விசாரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டிகள் கத்துகிறவனைச் சமாளிக்கப் பழகியவர்கள். ஈரத்தோடு அமைதியாக உட்கார்ந்துவிட்ட முப்பது பேரை என்ன செய்வது என்று எந்த ஊர் வழிகாட்டிக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. அபிஷேகம் முடிந்ததும் காலிச் செம்பைப் பேரன் விளையாடட்டும் என்று கொடுத்துவிடாதீர்கள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து, தனுஷ்கோடியில் சாலை முடியும் அரிச்சல்முனைக்கு மூன்று மணி வாக்கில் போனோம். கோயிலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோடு. ஒரு பக்கம் அசையாமல் கிடக்க, இன்னொரு பக்கம் நம் மரக்காணத்துக் கடல் மாதிரியே உறுமிக்கொண்டிருந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளிப்பச்சைச் சேலைகள் ஒரே வரிசையில் காற்றில் படபடக்க, கல்யாணம் எங்கே என்று ஒருவர் வந்து கேட்டேவிட்டார்.

எண்ணிப் பார்த்தால் வரிசையில் பதினோரு சேலைதான் இருந்தது. தேடினேன். அண்ணி தள்ளிப் போய், ஈரம் பிடிக்காத இடமாகப் பார்த்துக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, காலிச் செம்பில் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். விதை நிலக்கடலையைப் பொறுக்குகிற மாதிரி, கிளிஞ்சலைத் தனியாக எடுத்து எறிந்துவிட்டு, சுத்தமான மணலை மட்டும்.

"என்ன அண்ணி, வீட்டுக்கு விளக்கு தேய்க்கவா?"

"காசிக்கு." நிமிர்ந்து பார்க்கவில்லை. "மொதல்ல ராமேஸ்வரம், மண்ணெடுத்துக்கினு காசி, அப்புறம் திரும்ப ராமேஸ்வரம். அப்படித்தானே கணக்குன்னாங்க? இப்பத்தான் ராமேஸ்வரம் ஆச்சு. உங்கண்ணன் இடுப்பு சேரட்டும். அவரையும் கூட்டிக்கினு போவணும்."

"அவரு பஸ்ஸே ஏற மாட்டேன்றாரே."

அண்ணி செம்பின் வாயைக் கட்டை விரலால் அழுத்தி மணலைக் கெட்டிப்படுத்தினார். கிளிப்பச்சை முந்தானையில் ஒரு துண்டு கிழித்து மூடிக் கட்டினார். தவணை கட்டாத சேலை அது.

"ஏறலன்னா பஸ்ஸாண்ட போய் உக்காந்துக்குவேன்," என்றார். "எத்தினி நேரம் ஏறாம இருப்பாரு, பாக்கலாம்."